வைத்த பேரும் எடுத்த பேரும்

(பட்டிமன்றத் தலைப்பு: "ஒருவருக்குப் பெருமை சேர்ப்பது அவர் பெயரா? அவர் செயலா?" இடம்: ஏழாயிரம்பண்ணை. "செயலே" என்ற அணியில் பேசியது.)



எதிரணி அண்ணன் என்ன கேட்டார்? "பேரில்லாம ரேஷன் கார்டு வாங்க முடியுமா?" என்று கேட்டார். முடியாதுதான். ரேஷன் கார்டுக்குப் பேர் வேணும், மறுக்கவில்லை. ஆனால், அண்ணே, தலைப்பு ரேஷன் கார்டைப் பற்றி இல்லை. பெருமையைப் பற்றி. அரிசி வாங்கப் பேர் போதும். மாலை வாங்கப் போதுமா? (கைதட்டல்)

அதோடு விட்டாரா? "கட்டபொம்மன்னு சொல்லிப் பாருங்க, மீசை தானாத் துடிக்கும்; அந்தப் பேர்லதான்யா கம்பீரமே இருக்கு!" என்று சொல்லிக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். அண்ணே, ரொம்ப நன்றி. நான் எடுக்க வேண்டிய ஆயுதத்தை நீங்களே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டீர்கள். இன்றைக்கு எனக்குக் கிடைத்திருக்கிற நேரம் முழுவதும் அந்த ஒரு பேரைப் பற்றி மட்டும்தான் பேசப் போகிறேன்.

நம்ம தமிழில் ஓர் அழகு இருக்கிறது. பேர் "வைக்கிறது" என்று சொல்கிறோம். பேர் "எடுக்கிறது" என்றும் சொல்கிறோம். ரெண்டும் ஒண்ணா? வைத்த பேர் அப்பா அம்மா கொடுத்தது. எடுத்த பேர் நாமே சம்பாதித்தது. பேர் வைக்க ஒரு நாள் போதும். பேர் எடுக்க ஒரு வாழ்நாள் வேண்டும். இருக்கிற பேரைக் கெடுத்துக்கொள்ள ஒரு நிமிஷம் போதும்.

இது தீப்பெட்டி பூமி, வெடி பூமி. உங்களுக்கு நான் விளக்கமா சொல்ல வேண்டியதில்லை. பெட்டி மேல் லேபிள் ஒட்டுகிறோம். லேபிளில் சிங்கம் போட்டிருக்கலாம், புலி போட்டிருக்கலாம். உள்ளே குச்சி மருந்து நமுத்துப்போயிருந்தால், லேபிளில் இருக்கிற சிங்கம் இறங்கி வந்து அடுப்பைப் பற்ற வைக்குமா? உரசிப் பார்த்தால்தானே தெரியும்! பேர் என்பது லேபிள். செயல் என்பது மருந்து. (கைதட்டல்)

இப்போது கட்டபொம்மனுக்கு வருகிறேன். "கட்டபொம்மன்" என்பது ஓர் ஆளின் பேரா? இல்லை. அது ஒரு வம்சத்தின் பட்டம். தெலுங்கு நாட்டிலிருந்து வந்த ஒரு வீரரைக் "கெட்டி பொம்மு" என்று அழைத்தார்களாம். கெட்டி என்றால் உறுதியானவர், திடமானவர். அந்தக் கெட்டி பொம்முதான் தமிழ் நாக்கில் புரண்டு புரண்டு கட்டபொம்மு ஆகி, கட்டபொம்மன் ஆனார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அழகிய வீரபாண்டியபுரம் என்ற ஊரில், அதாவது இன்றைய ஒட்டப்பிடாரத்தில், அவர் வேலைக்குச் சேர்ந்து, பிறகு அந்தச் சீமைக்கே தலைவர் ஆனார் என்பது கதை. அவருக்குப் பின்னால் பாஞ்சாலங்குறிச்சியில் பட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாருமே கட்டபொம்மன்தான். நாம் கொண்டாடுகிறோமே, அவருக்குச் சொந்தப் பேர் வீரபாண்டியன். அப்பா ஜெகவீர கட்டபொம்மன். கட்டபொம்மன் என்பது அவருக்கு வீட்டோடு, கோட்டையோடு, கடனோடு சேர்ந்து வந்த பேர்.

நான் கேட்கிறேன். பேரில்தான் கம்பீரம் இருக்கிறது என்றால், அத்தனை கட்டபொம்மன்களுக்கும் அல்லவா சிலை இருக்க வேண்டும்? அத்தனை பேருக்கும் அல்லவா நம் மீசை துடிக்க வேண்டும்? எங்கேய்யா சிலை?

1755-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் நிற்கிறார். நவாபுக்கும் வெள்ளைக்காரனுக்கும் வரி கிடையாது என்கிறார். மேற்குப் பாளையங்களைத் தன் பின்னால் திரட்டுகிறார். அப்போது கிழக்குப் பாளையங்களுக்குத் தலைமை யார்? பாஞ்சாலங்குறிச்சி. அங்கே பட்டத்தில் இருந்தவர் பேர்? கட்டபொம்மன்! அவர் பூலித்தேவரோடு சேர்ந்தாரா? சேரவில்லை. நவாபின் பக்கம் நின்றார். அவரை நான் குறை சொல்ல வரவில்லை. அந்தக் காலத்து அரசியல் அப்படி, பக்கத்துப் பாளையத்தின் பகை அப்படி. நான் சொல்ல வருவது ஒன்றுதான். அதே பேர். அதே கோட்டை. அதே ரத்தம். ஆனால் அந்தக் கட்டபொம்மனை நினைத்து எந்தத் தாயாவது பிள்ளைக்குப் பேர் வைக்கிறாளா?

அடுத்து 1783. பாஞ்சாலங்குறிச்சியில் பட்டத்தில் இருந்தது வேறு ஒரு கட்டபொம்மன். கர்னல் ஃபுல்லார்ட்டன் படையோடு வந்து கோட்டையைப் பிடிக்கிறார். உள்ளே போய்ப் பார்த்தால், டச்சுக்காரர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கை கிடைக்கிறது. அந்தக் கட்டபொம்மனும் வெள்ளைக்காரனை எதிர்த்தவர்தான். ஆனாலும் அது சரித்திரப் புத்தகத்தில் ஒரு பக்கத்தோடு நின்றுவிட்டது.

பிறகு 1790-இல் வீரபாண்டியன் பட்டத்துக்கு வருகிறார். அவருக்கும் அதே பேர்தான். கும்பினிக்காரர்கள் தங்கள் கடிதங்களில் "கட்டபோமா நாய்க்" என்று எழுதினார்கள். வாயில் நுழையவில்லை, பாவம். பேரையே ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாதவர்கள், ஆளைப் பிடிக்க என்ன பாடுபட்டிருப்பார்கள்! (சிரிப்பு)

1792-இல் நவாபோடு செய்துகொண்ட உடன்படிக்கைப்படி பாளையக்காரர்களிடம் கிஸ்தி வசூலிக்கும் உரிமை கும்பினிக்குப் போகிறது. 1798-இல் கட்டபொம்மன் தர வேண்டிய பாக்கி 3310 பகோடா என்று கணக்கு. கலெக்டர் ஜாக்சன் "வந்து பார்" என்று ஓலை அனுப்புகிறார். கட்டபொம்மன் போகிறார். குற்றாலத்துக்குப் போனால் அங்கே பார்க்க முடியாது என்கிறார்கள். சொக்கம்பட்டி, சிவகிரி, அதோ நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் என்று கலெக்டர் போகிற வழியெல்லாம் பின்னாலேயே அலைய விடுகிறார்கள். கடைசியில் செப்டம்பர் மாதம் ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தில் சந்திப்பு. மூன்று மணி நேரம் நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். உட்காரச் சொல்லவில்லை. கணக்கைப் பார்த்தால், பெரும்பகுதி கட்டியாகிவிட்டது. மீதி 1080 பகோடாதான். ஆனாலும் பிடித்து வைக்கப் பார்க்கிறார்கள். வாசலில் கைகலப்பு. லெப்டினன்ட் கிளார்க் சாகிறார். கட்டபொம்மன் தப்புகிறார். அவருடைய தானாபதி சுப்பிரமணிய பிள்ளை மாட்டிக்கொள்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது என்ன தெரியுமா? அதற்குப் பிறகு விசாரணைக் குழு போட்டார்கள். ஜாக்சனையே வேலையிலிருந்து நீக்கினார்கள். தானாபதியையும் விட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு கும்பிடு போட்டிருந்தால் கட்டபொம்மனும் மற்ற ஜமீன்தார்களைப் போல பேரப்பிள்ளைகளோடு வாழ்ந்துவிட்டுப் போயிருக்கலாம். பேர் இருந்திருக்கும். ஆனால் இந்தப் பேர் இருந்திருக்காது.

அவர் கும்பிடவில்லை. 1799 செப்டம்பர் 5-ஆம் தேதி மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். கோட்டையை விட்டு வெளியேறிய கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் காட்டில் பிடித்துக் கொடுத்தார்கள். தானாபதியை நாகலாபுரத்தில் தூக்கிலிட்டு, தலையைக் கொண்டுபோய்ப் பாஞ்சாலங்குறிச்சியில் வைத்தார்கள். அக்டோபர் 16. நம்ம கோவில்பட்டி தாண்டினால் கயத்தாறு. அங்கே எல்லாப் பாளையக்காரர்களையும் வரவழைத்து நிறுத்தி வைத்து, அவர்கள் கண் முன்னால் புளியமரத்தில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். அவர் எப்படி நடந்து போனார் என்று நம்ம ஆட்கள் சொன்னால் "சினிமாவைப் பார்த்துட்டுச் சொல்றான்" என்பீர்கள். தூக்கிலிடச் சொன்ன பானர்மேனே மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார்: கொஞ்சமும் அஞ்சாமல் நிமிர்ந்து நடந்தார், வழியில் இரண்டு பக்கமும் நின்ற பாளையக்காரர்களை ஏளனமாகப் பார்த்துக்கொண்டே போனார் என்ற பொருளில். எதிரி கொடுத்த நற்சான்றிதழ்! அந்த நடை இருக்கிறதே, அந்தக் கொஞ்ச தூர நடை, அதில்தான்யா "கட்டபொம்மன்" என்ற பட்டம் பேராக மாறியது! (பலத்த கைதட்டல்)

ஒரு பக்கம் இவரைக் கொள்ளைக்காரர் என்று புத்தகம் எழுதியவர்களும் நம் நாட்டில் உண்டு. எழுதட்டும். கிஸ்தி பாக்கி, எல்லைத் தகராறு, பக்கத்துப் பாளையத்தில் புகுந்து எடுத்தது என்று கணக்குப் பார்த்தால் அந்தக் காலத்துப் பாளையக்காரர் யாரும் பால்வெள்ளை இல்லை. கட்டபொம்மனும் மனிதர்தான். அதனால்தான் சொல்கிறேன்: நாம் கும்பிடுவது அவர் பேரையோ பிறப்பையோ அல்ல, கடைசியில் அவர் எடுத்த முடிவை.

இங்கே ஒரு வெளிநாட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. 1995-இல் "பிரேவ் ஹார்ட்" என்று ஓர் ஆங்கிலப் படம் வந்தது. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் வாலஸின் கதை.

(நடுவர்: "ஏய்யா, அந்த வாலஸுக்கும் ஏழாயிரம்பண்ணைக்கும் என்ன சம்பந்தம்?")

இருக்குங்கய்யா, சொல்றேன். 1297 செப்டம்பர் 11-ஆம் தேதி, ஸ்டெர்லிங் என்ற ஊரில் ஒரு பாலத்தருகே இங்கிலாந்துப் படையைத் தோற்கடித்தவர் வாலஸ். அடுத்த ஆண்டு ஃபால்கர்க்கில் தோற்றார். 1305-இல் அவரைப் பிடித்துக் கொடுத்தவர் யார்? இங்கிலாந்துக்காரரா? இல்லை. அவர் நாட்டுக்காரரே, மென்டீத் என்ற பிரபு. லண்டனில் விசாரணை. "நீ ராஜத் துரோகி" என்கிறார்கள். "உங்கள் ராஜாவுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று நான் எப்போது சத்தியம் செய்தேன், துரோகம் செய்வதற்கு?" என்ற கருத்தில் பதில் சொல்கிறார் வாலஸ். அன்றே, ஆகஸ்டு 23-ஆம் தேதி, கொன்றுவிட்டார்கள். தலையை லண்டன் பாலத்தில் வைத்தார்கள். அவரையும் அந்த ஊர்ப் பதிவுகள் கொள்ளைக்காரர் என்றுதான் எழுதி வைத்தன. சொந்த நாட்டாரே பிடித்துக் கொடுத்தது, கொள்ளைக்காரர் பட்டம், வெட்டி வைத்த தலை... கேட்ட கதை மாதிரி இல்லை?

அவர் பேருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? வாலஸ் என்றால் வேல்ஸ்காரர், அயலார் என்று பொருள். நம்ம கெட்டி பொம்மு மாதிரியே, அவர் பேரும் வெளியிலிருந்து வந்த பேர். ஊருக்கு அயலான் என்ற அர்த்தத்தில் பேரை வைத்துக்கொண்டு, அந்த ஊருக்காகவே செத்தார்.

அவருக்குப் பிறகு எத்தனையோ வாலஸ். ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ் என்று ஒருவர். மலாய்த் தீவுகளில் பூச்சியும் பறவையும் சேகரித்தார். டார்வின் கண்டுபிடித்த அதே உண்மையைத் தானும் கண்டுபிடித்து, 1858-இல் டார்வினுக்கே எழுதி அனுப்பியவர். எட்கர் வாலஸ் என்று இன்னொருவர். துப்பறியும் கதைகளாக எழுதிக் குவித்தார். ஒரே பேர். ஒருவர் வாள் பிடித்தார், ஒருவர் வண்டு பிடித்தார், ஒருவர் பேனா பிடித்தார். மூன்று பேரும் பேர் எடுத்தார்கள். மூன்றும் வேறு வேறு பேர்! எது அவர்களைப் பிரித்துக் காட்டுகிறது? பேரா? அதுதான் ஒன்றாயிற்றே! செயல். (கைதட்டல்)

அய்யா கேட்ட சம்பந்தம் இதோ. 1783-இல் பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்த ஃபுல்லார்ட்டன் ஸ்காட்லாந்துக்காரர். 1801-இல் அதே கோட்டையைத் தாக்க வந்த மேஜர் காலின் மெக்காலேவும் ஸ்காட்லாந்துக்காரர். வாலஸ் பிறந்த மண்ணில் பிறந்தவர்கள், இன்னொரு வாலஸைப் பிடிக்க இங்கே வந்தார்கள். பிறந்த ஊர் ஒருவருக்குப் புத்தி சொல்லவில்லை. பெத்த பேரும் சொல்லவில்லை.

சரி, ஏழாயிரம்பண்ணைக்கு வருகிறேன். கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட கையோடு கும்பினி என்ன செய்தது? பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்த்து ஐந்து பாளையங்களைப் பறிமுதல் செய்தது. நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர்... ஐந்தாவது எது? ஏழாயிரம்பண்ணை! உங்க ஊர்! (பலத்த கைதட்டல்) கோட்டைகளை இடித்தார்கள். ஆயுதங்களைப் பிடுங்கினார்கள். அந்த மண்ணில்தான் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். சினிமாவில் ஏழாயிரம்பண்ணைக்குத் தனிக் காட்சி உண்டா? இந்த ஊர்ப் பாளையக்காரர் பேரை அண்ணன் மீசை முறுக்கிச் சொன்னாரா? இல்லை. பேர் பரவவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றார்கள். நின்றதற்கு விலையும் கொடுத்தார்கள். பேர் பரவாத அந்தச் செயலுக்குப் பெருமை இல்லை என்று அண்ணன் இந்த ஊர் மேடையில் நின்று சொல்வாரா? சொல்லிட்டுச் சாத்தூர் பஸ்ஸைப் பிடிச்சிருவாரா? (சிரிப்பு, கைதட்டல்)

அண்ணனுக்கு இன்னொரு பேர் சொல்கிறேன். "ஊமைத்துரை." கட்டபொம்மனின் தம்பி. வைத்த பேர் குமாரசாமி. முருகன் பேர். பேச்சு சரியாக வராது. அந்தக் குறையைச் சொல்லியே ஊர் அவரை ஊமைத்துரை என்றது. இன்றைக்குக் குமாரசாமி என்றால் யாருக்குத் தெரியும்? ஊமைத்துரை என்றால்?

1801 பிப்ரவரி 2-ஆம் தேதி பாளையங்கோட்டைச் சிறையை விட்டுத் தப்பி வந்தார். வெள்ளைக்காரன் தரைமட்டமாக்கிய கோட்டையை ஒரு வாரத்துக்குள் மறுபடி எழுப்பிவிட்டார்கள். மண் கோட்டைதான். மெக்காலே வந்து பார்த்து அசந்து போனார். மார்ச் 31-ஆம் தேதி தாக்கினார்; உள்ளே நுழைய முடியவில்லை. கர்னல் அக்னியூ பெரும்படையோடு வந்த பிறகு, மே 24-ஆம் தேதிதான் கோட்டை விழுந்தது. ஊமைத்துரை சிவகங்கைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். மருதிருவரை அக்டோபர் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். ஊமைத்துரையை நவம்பர் 16-ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிட்டார்கள். ஒரு குறையைச் சொல்லி வைத்த பட்டப்பேரை, கேட்டவுடன் எழுந்து நிற்கிற பேராக மாற்றினாரே, மாற்றியது எழுத்தா? அவர் வாழ்வா?

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. எட்டப்பன். அது எட்டயபுரம் பாளையத்தின் பட்டம். எட்டுப் பேருக்கு அப்பனாக இருந்து காத்தவர் என்று நல்ல விளக்கம்தான் சொல்வார்கள். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள், அந்தப் பேரில்! ஆனால் 1799-இல் பட்டத்தில் இருந்த ஒருவர் கும்பினியோடு சேர்ந்து கட்டபொம்மனைத் துரத்தினார். அவ்வளவுதான். முன்னால் இருந்த எட்டப்பர்கள், பின்னால் வந்த எட்டப்பர்கள், ஒரு பாவமும் அறியாதவர்கள் எல்லாருடைய பேரும் இன்று டீக்கடையில் வசவாகக் கிடக்கிறது. இது நியாயமா என்றால் இல்லை. அதே எட்டயபுரத்தில்தான் 1882-இல் சுப்பையா என்ற பிள்ளை பிறந்தார். அதே ஊரில்தான் அவருக்குப் "பாரதி" என்ற பட்டமும் கிடைத்தது. ஒரே ஊர் ஒரு பேரைக் கெடுத்தது. ஒரு பேரைக் கொடுத்தது. ஊரா செய்தது? ஆள் செய்தது.

(மணி ஒலிக்கிறது)

அய்யா, மணி அடிச்சிட்டீங்க. இன்னும் கொஞ்ச நேரம் கொடுங்க. இனிமேல் சொல்லப் போவது சிரிக்கிற விஷயம் இல்லை. நானும் இந்த மாவட்டத்துக்காரன் என்பதால் சொல்லாமல் இறங்க மனசு வரவில்லை.

கட்டபொம்மன் பக்கம் நின்றவர்களை எண்ணிப் பாருங்கள். வெள்ளையத் தேவன். கவர்னகிரி சுந்தரலிங்கம். தானாபதி சுப்பிரமணிய பிள்ளை. கந்தன் பகடை, முத்தன் பகடை. நான் சாதியைச் சொல்லவில்லை. பேரை மட்டும் சொன்னேன், உங்களுக்கே புரியும். ஒரே கோட்டைக்காக, ஒரே மண்ணுக்காகச் செத்தார்கள். யார் பேர் முதலில் வர வேண்டும் என்று அந்த இடத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

1997-இல் நாம் கேட்டோம். அப்போது திருநெல்வேலியில் கட்டபொம்மன் பேரில் போக்குவரத்துக் கழகம் ஓடிக்கொண்டிருந்தது. விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து ஒரு புதுக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை அரசு வைத்தது. அந்தப் பேர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கிளம்பியது. கலவரம். வீடுகள் எரிந்தன. உயிர்கள் போயின. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பேரையே எடுத்துவிட்டது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி மாவட்டம் ஆயிற்று. நம்ம காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. யோசித்துப் பாருங்கள். 1799-இல் ஒரே கோட்டையில் சேர்ந்து நின்ற ரெண்டு பேரும், 1997-இல் பஸ் போர்டில் சேர்ந்து நிற்க முடியவில்லை! அவர்கள் பேரை நாம் தூக்கிப் பிடித்தோம். அவர்கள் செய்ததைக் கீழே போட்டுவிட்டோம். பேர்தான் பெருமை என்று நினைத்தால் இதுதான் நடக்கும், அண்ணே. பேருக்காக அடித்துக்கொள்வோம். பேர் எடுத்தவன் எதற்காகச் செத்தான் என்பதை மறந்துபோவோம். (அமைதி, பிறகு நீண்ட கைதட்டல்)

அரசு வைத்த பேரை அரசே எடுத்துவிடலாம். ஆனால் ஒருவர் செயலால் எடுத்த பேரை யாராலும் பிடுங்க முடியாது. வெள்ளைக்காரனே முயன்று பார்த்தான். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்து, உழுது, ஆமணக்கு விதைத்தான் என்று சொல்வார்கள். ஊர்ப் பேரையே கணக்குகளிலிருந்து நீக்கச் சொன்னான். நீங்கிற்றா? 1959-இல் சிவாஜி கணேசன் நடித்துப் படம் வந்தது. பிறகு அவரே சொந்தப் பணத்தில் கயத்தாற்றில் நிலம் வாங்கிச் சிலை வைத்தார். பாஞ்சாலங்குறிச்சியில் 1974-இல் அரசு நினைவுக் கோட்டை எழுப்பியது. 1990-இல் நெல்லைச் சீமை விஜயநாராயணத்தில் இந்தியக் கடற்படை நிலையம் தொடங்கியது. கடலுக்கடியில் இருக்கிற நீர்மூழ்கிக் கப்பலுக்குச் சேதி அனுப்புகிற இடம். அதற்கு என்ன பேர்? ஐ.என்.எஸ். கட்டபொம்மன். மண்ணுக்குள் புதைத்த பேர், கடலுக்கடியில் போய்க் கேட்கிறது!

முடித்துவிடுகிறேன். பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் போனால் அங்கே செத்த வெள்ளைக்காரர்களின் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. கோட்டைக்குள் செத்த நம்ம ஆட்களுக்குக் கல் இல்லை. அந்தப் போரில் இருந்த வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரி, பின்னால் எழுதிய தன் நினைவுக் குறிப்பில் ஒரு சம்பவம் சொல்கிறார். 1801 மே மாதம் கோட்டை விழுந்த பிறகு, பிணங்களுக்கு நடுவில் ஒரு தாய் தன் மகனைத் தேடிக்கொண்டு வருகிறாள். மகன் குற்றுயிராகக் கிடக்கிறான். தூக்கப் போகிறாள். அவன் சொல்கிறான், "என்னை விடு தாயே, பக்கத்தில் சாமி கிடக்கிறார், அவரைக் காப்பாற்று" என்ற கருத்தில். சாமி என்றது ஊமைத்துரையை. அந்தத் தாய் என்ன செய்தாள்? பெத்த பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு, ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போனாள். எதிரிகள் தேடி வந்தபோது, துணியைப் போட்டு மூடி, அம்மை கண்டு செத்துப்போனான் என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் அம்மைக்குப் பயந்து ஓடிவிட்டார்கள்.

அந்தத் தாயின் பேர் என்ன? தெரியாது. மகனின் பேர்? தெரியாது. வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். அது போய்விட்டது. அவர்கள் செய்தது போகவில்லை. இருநூறு வருஷம் தாண்டி, இந்த மேடையில் நான் சொன்னதும் அங்கே ஓர் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்களே, அந்தக் கண்ணீர் எந்தப் பேருக்கு? பேரே இல்லாத இருவருக்கு! இதைவிட என் அணிக்கு என்ன சாட்சி வேண்டும்?

பிள்ளைக்குக் கட்டபொம்மன் என்று பேர் வையுங்கள், சுந்தரலிங்கம் என்று பேர் வையுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ரெண்டு பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்க, ஒரே பஸ்ஸில் ஏறிப் போக விடுங்கள். அப்போதுதான் வைத்த பேர் எடுத்த பேர் ஆகும். ஆகவே பெருமை சேர்ப்பது செயலே, செயலே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.